ஒரு தாளில் அடங்கட்டும் உங்கள் தேவை

புத்தளத்து உப்பு, கற்பிட்டிக் கருவாடு, முந்தல் இறால் என எமது கரையோரத் தொழில்களிலும் கணக்குக் கொப்பியின் இடத்தைக் கணனி பிடித்து வருகின்றது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் மென்பொருள் செய்யக் கொடுக்கும்போது, "எல்லாம் இருக்க வேண்டும்" என்று கேட்பதிலேயே பிரச்சினை ஆரம்பிக்கின்றது. முதலாளி ஒன்றைக் கேட்பார். கணக்காளர் வேறொன்றைக் கேட்பார். மகன் தொலைபேசியில் இன்னொன்றைச் சொல்வார். எதுவும் எழுத்தில் இராது. ஈற்றில் பணம் கரைந்து மனக்கசப்பே மிஞ்சும்.

2022 ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். எரிபொருள் முறையை எண்ணிப் பாருங்கள். வரிசையில் நாட்கணக்கில் காத்திருந்த காலமது. அந்த முறையிடம் எதிர்பார்க்கப்பட்ட முக்கிய வேலை ஒன்றுதான்: எந்த வாகனமும் கிழமைக்குரிய அளவுக்கு மேல் எரிபொருள் பெறக்கூடாது. அடையாள அட்டை, வாகனம், செசி ஆகியவற்றின் இலக்கங்கள் போன்ற சில விபரங்களே பதிவுக்குக் கேட்கப்பட்டன. மின்பிறப்பாக்கி போன்றவற்றுக்கான பதிவு பின்னரே சேர்க்கப்பட்டது. அனைத்தையும் சேர்த்த பின்பே ஆரம்பிப்பதென்றிருந்தால் வரிசைதான் நீண்டிருக்கும். 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டாலும் அதன் பாடம் இன்றும் பொருந்தும்.

எளிமை என்பது அவசியமானதை விட்டுவிடுவதல்ல. மீனவருக்குக் கொடுத்த முற்பணத்தைக் காட்டாத மென்பொருளால் கருவாட்டு வியாபாரிக்கு என்ன பயன்? அது முதலில் வரட்டும். வர்ண வரைபடங்கள் இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்கட்டும்.

இது எமக்குப் புதிய விடயமுமல்ல. ஒரு பொருளைச் செய்து தரச் சொல்லும் இஸ்திஸ்னா ஒப்பந்தத்தில் அதன் வகை, அளவு, தன்மை என்பன தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது ஃபிக்ஹ். படகு செய்யக் கொடுப்பவர் நீளத்தைச் சொல்லாமல் முற்பணம் கொடுப்பாரா? தவணைக் கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம், எழுத்து சந்தேகத்தைப் போக்கும் என்பதையும் உணர்த்துகின்றது.

ஆகவே வியாபாரிகளே, தேவைகளை ஒரு தாளில், ஒரு தேவைக்கு ஒரு வரியாக எழுதுங்கள். முடிவு சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். இடையில் மாற்றம் வேண்டுமானால் திகதி, காரணம், மேலதிகச் செலவு, மேலதிக நாட்கள் ஆகியவற்றை அதே தாளின் பின்புறத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுங்கள். இதற்கென விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. அந்தத் தாள் உங்கள் பணத்தை மட்டுமல்ல, செய்து தருபவரின் உழைப்புக்குரிய ஹக்கையும் பாதுகாக்கும்.