அழிந்த செய்திக்கு ஒரு மாதத் தவணை வேண்டும்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சென்டரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் குடியிருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்குப் பிழைக்க வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் இருப்பது சாதாரண பட்டன் கைப்பேசி. கட்டட வேலை ஒன்றில் அவருக்குப் பதினைந்து நாள் கூலி பாக்கி. அதைச் சனிக்கிழமை தருவதாகத் தொகையும் குறிப்பிட்டு மேஸ்திரி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். பெரியவர் கையில் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

இதற்கிடையில் செய்திப் பெட்டி நிரம்பிவிட்டதாகக் கைப்பேசியில் அறிவிப்பு வந்தது. வேண்டாத விளம்பரங்களை நீக்கித் தரும்படி பேரனிடம் கொடுத்தார். சிறுவன் அழுத்தியதோ எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை. சனிக்கிழமை போய்க் கேட்டபோது, "அப்படி நான் எப்போது சொன்னேன்?" என்று மேஸ்திரி திருப்பிக் கேட்டார். மீட்டுத் தருகிறேன் என்று 500 ரூபாய் வாங்கிய கடைக்காரர் மறுநாள் கையை விரித்தார். "ஒரு பட்டனை அமுக்கினதுக்குப் பதினஞ்சு நாள் கூலி போயிடுச்சே சார்" என்று பெரியவர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கைப்பேசியில் ஒரு செய்தியை அழித்தால் அந்த எழுத்துகள் பெரும்பாலும் அந்தக் கணமே மறைந்துவிடுவதில்லை. அவை இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். வீட்டு வாசலில் 'வாடகைக்கு விடப்படும்' என்று பலகை மாட்டுவது போன்றது இது. அடுத்து வரும் செய்தி எதுவாயினும் அந்த இடத்தில் குடியேறலாம். குடியேறிவிட்டால் பழையதை யாராலும் மீட்க இயலாது. மேலும், 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய கருவிகளில் சேமிப்பு முழுவதும் பூட்டப்பட்ட குறியீடாகவே எழுதப்படுகிறது. திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் அந்தப் பூட்டு, மீட்க வருபவரையும் தடுத்துவிடுகிறது. 'எதையும் மீட்போம்' என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழப்பவர்களே அதிகம்.

தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டால் கிடைக்காதா என்று சிலர் நினைக்கக்கூடும். யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்னும் பதிவை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய அரசு நிபந்தனை விதித்தது. அந்தப் பதிவில் செய்தியின் வாசகம் இராது. உறையின் மேல் உள்ள முகவரி இருக்கும். உள்ளே இருந்த கடிதம் இருக்காது.

இங்கேதான் ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், மின்னணுப் பதிவையும் ஆவணமாகவே ஏற்கிறது. உரிய சான்றுடன் அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். பத்திரத்துக்கு இணையாகச் சட்டம் மதிக்கும் ஒன்றை, எச்சில் இலையைப் போல ஒரே அழுத்தில் எறிந்துவிடக் கருவி இடம் தருகிறது! இது என்ன நியாயம்?

வழி இல்லாமல் இல்லை. ஆப்பிள் ஐபோனில் 2022-இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல், அழித்த செய்திகள் தனி அறையில் 30 நாள் காத்திருக்கின்றன. தவறு தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கருவிகள் சிலவற்றிலும் இத்தகைய வசதி உண்டு. பெரிய விலை கொடுத்தவருக்கு இரண்டாவது வாய்ப்பு. கூலிக்காரருக்கு ஒரே அழுத்தில் தண்டனையா? இடம் போதாது என்பதும் சரியான காரணமல்ல. ஒரு குறுஞ்செய்தியின் அளவு 140 பைட்தான். ஆயிரம் செய்திகளைச் சேர்த்தாலும் இன்றைய புகைப்படம் ஒன்றின் அளவுக்கு வராது.

அரசு இதில் தலையிட முடியுமா என்றால், முடியும். பெண்களின் பாதுகாப்புக்காக, 2017 ஜனவரி 1 முதல் விற்பனையாகும் கைப்பேசிகளில் அவசர அழைப்புப் பொத்தான் இருக்க வேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு விதித்தது. பட்டன் கைப்பேசியில் 5 அல்லது 9 அந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்றும் கூறியது. அதைப் போல, அழிக்கும் செய்தியை 30 நாள் வைத்திருக்கும் வசதி எல்லாக் கருவிகளிலும் வேண்டும் என்று விதிப்பதில் என்ன தடை? வீட்டில் பிறர் கைப்பேசியை நோண்டிப் பார்ப்பார்களே என்று அஞ்சும் பெண்களுக்கும் வழி விட வேண்டும். மீண்டும் ஒருமுறை உறுதி கேட்டு நிரந்தரமாக அழிக்க அனுமதித்தால் போதும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வங்கிச் செய்தி அழிந்தால் கிளையில் கணக்கு விவரம் கேட்டு வாங்கலாம். பொங்கலுக்கு ஊர் போக இணையத்தில் எடுத்த ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண், பதிவு செய்த கணக்கிலேயே இருக்கும். ஆனால் கூலி, கடன், வாடகை முன்பணம் பற்றித் தனி மனிதர் அனுப்பும் செய்திக்கு மறுபிரதி நம் ஊரில் எந்த அலுவலகத்திலும் இல்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ, பட்டன் கைப்பேசி என்றால் வேறொரு கைப்பேசியில் படம் பிடித்தோ, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தேதியுடன் நோட்டிலும் எழுதுங்கள். மீட்டுத் தருவதாகச் சொல்லி யாரேனும் ஓ.டி.பி. கேட்டால் தராதீர்கள், ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

பெரியவர் கதை என்ன ஆயிற்று? உடன் வேலை செய்த இன்னொருவருக்கும் மேஸ்திரி அதே நாளில் அதேபோலச் செய்தி அனுப்பியிருந்தார். அதைக் காட்டி நாலு பேர் பஞ்சாயத்துப் பேசியதில் பாதிக் கூலி வந்தது. மீதி வரவில்லை. எல்லோருக்கும் இப்படி ஒரு துணை கிடைத்துவிடாது. எனவே மத்திய தொலைத்தொடர்புத் துறை இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்காமல் ஆவன செய்ய வேண்டும்.