ஞாயிற்றுக்கிழமைப் பதினொருவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டையும் பந்துமாக மைதானத்துக்குப் புறப்படும் நம் சங்கத்து அன்பர்களைப் பற்றி அவரவர் இல்லங்களில் பலவித அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. "வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, அதையும் வெயிலுக்குத் தானம் செய்துவிட்டு வருகிறார்" என்பது அவற்றுள் மிக மென்மையானது. மற்றவற்றை அச்சேற்றுவது உசிதமன்று. இம்மாதம் அவ்வன்பர்கள் சார்பில் சிறிது வாதாட விரும்புகிறோம். முடிவில் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மவர் ஆடுவது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். ஆடும் இடமோ மும்பையின் ஆசாத் மைதானம். சாமானியமான மண்ணன்று அது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயம் 1933-ஆம் ஆண்டில் அதனை ஒட்டிய ஜிம்கானா திடலில்தான் நிகழ்ந்தது. 1988-ஆம் ஆண்டில் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பள்ளிச் சிறுவர்களாக 664 ரன்கள் சேர்த்து உலகை வியக்கச் செய்ததும் ஆசாத் மைதானத்தில்தான். அந்த மண்ணின் பெருமையில் ஒரு துளியும் நம்மவர் மீது ஒட்டவில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள்.

அம்மைதானத்தில் 22 ஆடுகளங்கள் உள்ளன. ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடக்கும். ஓர் ஆட்டத்தின் எல்லைக்காவலர் மற்றோர் ஆட்டத்தின் பந்து வீச்சாளருக்கு முதுகு காட்டி நிற்பார். இந்த நெரிசலில், நம் முலுண்டு நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு உயரத்திலிருந்து இறங்கிய பந்தொன்றை ஓடிச் சென்று ஒற்றைக் கையால் பிடித்தார். அவர் வாழ்நாளில் பிடித்த பந்துகளில் அதுவே தலைசிறந்தது. பக்கத்து ஆட்டத்தின் பந்து அது என்பது ஒன்றே குறை. அவர்கள் வந்து நன்றி கூறி வாங்கிச் சென்றார்கள்.

சிற்றுண்டி விஷயம் இதனினும் உருக்கமானது. மும்பையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருப்புப்பாதையைப் பழுது பார்ப்பதற்காகச் சில தடங்களை நடுப்பகலில் மூடுவார்கள். 'மெகா பிளாக்' என்ற பெயர் நம் குழந்தைகளுக்கும் மனப்பாடம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகள் நிறைந்த பெரிய தூக்குப் பாத்திரத்தோடு செம்பூர் நண்பர் ஒருமுறை தாமதித்துப் புறப்பட்டு, இதில் அகப்பட்டுக்கொண்டார். பதினொருவரும் பசியோடு ஆடினார்கள், பசியோடு தோற்றார்கள். மாலையில் அவர் வந்து சேர்ந்தபோது பாத்திரத்தில் ஏழு இட்லிகள் இருந்தன. "நிலையத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன பலகாரம் என்று விசாரித்தார்கள், வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லலாமா?" என்றார். அதற்கு விடை கூற எவராலும் இயலவில்லை.

இப்படித் தோற்பதற்கும் பசிப்பதற்குமா வாரந்தோறும் கூடுகிறார்கள் என்று கேட்கலாம். விளையாட்டு பல இடங்களில் கூட்டத்துக்கு ஒரு சாக்கேயாகும். அமெரிக்காவில் 'சாப்ட்பால்' என்னும் ஆட்டம் பிறந்த கதையே இதற்குச் சான்று. 1887-ஆம் ஆண்டு, நன்றியறிதல் திருநாளன்று, சிகாகோ நகரத்துப் படகு மன்றம் ஒன்றில் சில இளைஞர்கள் கூடியிருந்தார்கள். ஹார்வர்டு, யேல் என்னும் இரு கல்லூரிகளின் கால்பந்துப் பந்தய முடிவுக்காகக் காத்திருந்தார்கள். யேல் வென்றதாகச் செய்தி வந்ததும், ஒருவர் மகிழ்ச்சி மிகுதியால் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை எதிர்க்கட்சி நண்பர் மீது வீசினார். அவர் அதை ஒரு கோலால் திருப்பி அடித்தார். கூட்டத்திலிருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அக்கையுறையையே பந்துபோல் இறுக்கிக் கட்டி, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார். ஆட்டம் 41-க்கு 40 என்று முடிந்ததாம். 'மென்பந்து' என்று பொருள்படும் பெயர் 1926-இல்தான் அதற்கு வந்தது. ஆனால் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தைக் கையுறையின்றிப் பிடிப்பதே சிகாகோவின் வழக்கம். அம்மென்மைக்குப் பலியான விரல்கள் அநேகம். வேறெங்கோ நடந்த பந்தயத்தின் முடிவுக்காகக் கூடியவர்கள், கூடியிருந்த இன்பத்திலேயே ஓர் ஆட்டத்தைக் கண்டுவிட்டார்கள் என்பதே நமக்குச் சுவையாக இருக்கிறது.

நம் பதினொருவரின் கதையும் ஏறக்குறைய இதுவே. உத்தியோகத்தின் பொருட்டு வந்து, வாடகை அறையில் தனித்திருந்த இளைஞர்களுக்கு முதல் உறவு இக்கோஷ்டியில்தான் கிடைத்தது. வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும், பிரசவத்துக்கு மருத்துவமனை வாயிலில் விடிய விடியக் காத்திருந்ததும் இவர்களே.

ஆயினும், எது பிணைக்கிறதோ அதுவே பிரிக்கவும் வல்லது. ஈராண்டுகளுக்கு முன் நம்மவர் இருவர் ஒரு ரன்னுக்காக ஓடினார்கள். ஒருவர் "வா" என்றார். மற்றவர் "வேண்டாம்" என்றார். முடிவில் இருவரும் ஒரே முனையில் நின்றார்கள். யார் அவுட் என்பதில் தொடங்கிய வாக்குவாதம் தேநீர்க் கடையிலும் முடியவில்லை. மறுவாரம் ஒருவர் வரவில்லை. நவராத்திரியில் அவ்விரு வீடுகளுக்கிடையே வெற்றிலை பாக்குப் பரிமாறவில்லை. மற்றவர் வீட்டில்தான் நம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடந்துவந்தது. ஆகவே வராதவரின் எட்டு வயது மகனும் வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். ஒரு ரன்னுக்காக ஒரு குழந்தையின் தமிழ் நான்கு மாதம் நின்றுபோயிற்று. பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைக்கு அ, ஆ எழுத வேறு இடம் ஏது?

இதனைச் சரிசெய்தவர் சங்கத் தலைவருமல்லர், அணித் தலைவருமல்லர். வகுப்பு நடத்தும் பாட்டியம்மாள் ஒரு நாள் தாமாகவே அவ்வீட்டுக்குச் சென்றார். "தம்பி, ஆட்டத்தில் அவுட் ஆனது நீ. உன் பிள்ளை என்ன செய்தான்?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை பையன் வந்தான். தந்தை மைதானத்துக்கு வர மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

சொந்த ஊரில் ஒரு வீட்டோடு மனத்தாங்கல் வந்தால், பேசிப் பழக வேறு பத்து வீடுகள் உண்டு. இங்கே நாம் இருப்பதே சில வீடுகள். அவற்றுள் ஒன்றின் கதவு மூடிக்கொண்டால் அந்த நஷ்டம் எல்லோரையும் தொடும். எனவே நம் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: மைதானத்துச் சண்டை தேநீர் ஆறுவதற்குள் தீரட்டும், வீட்டு வாசலை அது மிதிக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வாரமும் விடியுமுன் எழுந்து இட்லி வார்க்கும் பெண்மணிகளுக்கும், அவர்கள் புதல்வியருக்கும் மாதம் ஒரு முறையேனும் மட்டை கையில் கிடைக்கட்டும். அன்று ஆடவர் இட்லி வார்க்கலாம்.

யார் வார்த்தாலும் சரி, தூக்குப் பாத்திரம் மட்டும் காலை முதல் வண்டியிலேயே புறப்பட்டுவிடட்டும்.