கம்பைன் ஸ்டடி என்றாலே அரட்டைதானா?

ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் சில சட்டங்கள் அமலுக்கு வந்துவிடும். கேபிள் இணைப்பு போய்விடும். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அப்பா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வருவார். கூடவே மூன்றாவதாக ஒன்று: “கம்பைன் ஸ்டடி அது இதுன்னு எவன் வீட்டுக்கும் போகக் கூடாது.” முதல் இரண்டில் எனக்குப் புகார் இல்லை. மூன்றாவது, அதிலும் வேதியியல் விஷயத்தில், பிள்ளைக்குத் தெரியாமல் செய்கிற கெடுதல்.

சேர்ந்து உட்கார்ந்தால் அரட்டைதான் நடக்கும், நன்றாகப் படிக்கிறவனை மற்றவர்கள் கீழே இழுத்துவிடுவார்கள், நம் பிள்ளை கஷ்டப்பட்டுக் கற்றது போட்டியாளனுக்குப் போய்ச் சேரும். இது பெற்றோரின் நம்பிக்கை மட்டுமல்ல. விடுதியோடு கூடிய பல பள்ளிகளில் ஸ்டடி ஹவர் என்றால் வாய் திறக்காத நேரம். பக்கத்திலிருப்பவனிடம் சந்தேகம் கேட்டவனும் சினிமாக் கதை பேசியவனும் அங்கே ஒரே குற்றவாளிகள்.

இதற்கு அடியில் இன்னொரு நம்பிக்கை கிடக்கிறது. கணக்கு போட்டுப் பார்க்க வேண்டியது, இயற்பியல் புரிய வேண்டியது, கெமிஸ்ட்ரி மட்டும் மனப்பாடம். மனப்பாடம்தான் என்றால் பக்கத்தில் ஆள் எதற்கு? இந்த எண்ணம் சும்மா வந்ததும் அல்ல. மாநிலப் பாடத்திட்டத்தில் 15 அலகுகள், இரண்டு தொகுதிகள். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் 15 ஒன் மார்க். புக் பேக் கேள்விகளை உருப்போட்டால் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். பெயர் வினைகளையும் நினைவில் வைத்தே ஆக வேண்டும், அதில் குறுக்கு வழி கிடையாது. ஆனால் அயனிச் சமநிலையும் மின்வேதியியலும் வினைவேகவியலும் அணைவுச் சேர்மங்களும் உருப்போட்டு வருபவை அல்ல.

ஒரு சின்னக் கணக்கு. 10⁻⁸ மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு என்ன? தனியாகப் படிக்கிற பையன் சூத்திரத்தைப் போடுவான், 8 என்று எழுதுவான், அடுத்த கணக்குக்குப் போய்விடுவான். எதிரே இன்னொருவன் உட்கார்ந்திருந்தால், “ஏன்டா, ஆசிட்டைத் தண்ணியில ஊத்துனா அது காரமா ஆயிடுமா?” என்று கேட்பான். அந்தக் கேள்விதான் வேதியியல். தண்ணீரே 10⁻⁷ அளவுக்கு ஹைட்ரஜன் அயனி தருகிறது, அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம் என்பது அப்போதுதான் உறைக்கும். சரியான விடை ஏறத்தாழ 6.98. கேட்டவன் வகுப்பில் முதல் மாணவனாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் இப்படிக் கேட்பவன் கடைசி பெஞ்சுக்காரன்தான்.

அனிலீனை எடுத்துக்கொள்ளுங்கள். அமினோ தொகுதி ஆர்த்தோ, பாரா இடங்களுக்கு வழிகாட்டும் என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். நேரடியாக நைட்ரோ ஏற்றம் செய்தால் 47 சதவீதம் மெட்டா விளைபொருள் வருகிறது என்பதையும் ஒப்பிப்பார்கள். ஒரே மூச்சில் ஒப்பிக்கும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது தனியாகப் படிக்கிற பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை. தோழிக்கு விளக்கத் தொடங்கினால் பாதியில் நின்றுபோவார்கள். அமில ஊடகத்தில் அனிலீன் புரோட்டானை ஏற்று அனிலீனியம் அயனியாகிறது, அது மெட்டாவுக்கு வழிகாட்டுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பார்கள். முதலில் அசிட்டைலேற்றம் செய்யச் சொல்வது ஏன் என்பதும் கூடவே விளங்கும்.

தனியாகப் படிக்கிறவர் தெரிந்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்து, தெரிந்துவிட்டது என்ற திருப்தியோடு எழுந்திருக்கிறார். வாய்விட்டு விளக்கும்போதுதான் ஓட்டை எங்கே என்று தெரிகிறது.

இது என் அனுபவக் கதை மட்டுமல்ல. 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஊக்கமில்லை, அடிப்படை போதாது, குடும்பம் சரியில்லை என்று ஆசிரியர்கள் காரணம் அடுக்கினார்கள். நம் ஊர் ஆசிரியர் அறையில் கேட்கிற அதே பட்டியல். அவர் மாணவர்களோடேயே போய்ப் பார்த்தார். விதித்த நேரம் முழுக்க அவர்கள் உழைத்துப் படித்தார்கள், ஆனால் தன்னந்தனியாக. நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டு, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். அது கணக்கு, கெமிஸ்ட்ரிக்குப் பொருந்துமா என்பவர்களுக்கு: 1990களில் நியூயார்க் சிட்டி காலேஜில், மூத்த மாணவர் ஒருவர் வழிநடத்த, மாணவர்கள் சிறு குழுக்களாகக் கணக்குப் போடும் முறை தொடங்கியதே பொது வேதியியல் பாடத்தில்தான்.

அமெரிக்காவரை போவானேன்? 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைத் தன் இல்லத்தில் நடத்தி, 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். இங்கிலாந்து முழுக்க அது ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்று பரவியது. பின்னாளில் அங்கே அது வெறும் ஒப்புவித்தலாகச் சீரழிந்தது வேறு கதை. மெட்ராஸ் பெயரில் உலகுக்குப் போன முறையை மெட்ராஸிலேயே ஒழுங்கீனம் என்கிறோம்.

போட்டியாளன் என்ற பயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ப்ளஸ் டூ எழுதுகிறார்கள். பொறியியல் கட்-ஆஃபிலும் நீட் பட்டியலிலும் உங்கள் பிள்ளைக்கு முன்னால் நிற்கப்போகிறவர்களில் பக்கத்து வீட்டுப் பையனின் பங்கு எவ்வளவு? மாநில ரேங்க் அறிவிப்பையே 2017இல் அரசு நிறுத்திவிட்டது. சென்டம் ஒருவர் வாங்கினால் இன்னொருவருக்குத் தீர்ந்துபோகிற பண்டமும் அல்ல.

அரட்டை? நடக்கும். யாருமே படிக்காமல் வந்தால் அரட்டை தவிர வேறென்ன நடக்கும்? எட்டுப் பேர் கூடினால் அது பிறந்தநாள் விழா. அவரவர் பாடத்தைத் தனியாகப் படித்துவிட்டு மூன்று, நான்கு பேராகக் கூடி, பழைய கேள்வித்தாளை நடுவில் வைத்து, புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும். இவ்வளவுதான் ஒழுங்குமுறை. செய்முறைத் தேர்வுக்கும் இது உதவும். பெர்மாங்கனேட்டின் அடர்ந்த நிறத்தால் பியூரெட்டில் மேல் விளிம்பைத்தான் அளக்க வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லி மறந்தவன்கூட, நண்பன் கிண்டல் செய்தால் மறக்க மாட்டான்.

இந்தத் தடையால் அதிகம் இழப்பவர்கள் பெண் பிள்ளைகள். பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எப்படியாவது போய்விடுவான். பெண்ணுக்கு விளக்கு வைத்த பிறகு வாசல்படியே எல்லை. அப்பா அம்மா படித்திருந்தால், டியூஷனுக்குக் காசிருந்தால், அடைத்த அறைக்குள்ளும் கேட்க ஆளிருக்கும். குடும்பத்தில் முதன்முதலாக ப்ளஸ் டூ எட்டிப்பார்க்கிற பெண்ணுக்கு, காசு கொடுக்காமல் கேட்கக்கூடிய ஒரே ஆசிரியை அவளுடைய தோழிதான். வெளியே அனுப்பப் பயமாக இருந்தால், அந்தத் தோழிகளை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கூடத்தில் பாய் போட்டுக் கொடுங்கள், முடிந்ததும் துணைக்குப் போய் விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் உடனே போய் அதட்டாதீர்கள். அனிலீனைப் பற்றிய சண்டையாகவும் இருக்கலாம்.