பழசு என்றால் காயலான் கடைக்கா?



விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நம் அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. திண்டிவனத்தில் பிளஸ் டூ படித்த என் சித்திக்கு 2012-ல் ஒன்று கிடைத்தது. பல வருஷமாகப் பரணில் கிடந்தது. "ஓடாத பெட்டி, காயலான் கடையில போடு" என்றார் பாட்டி. எனக்கு மனசு வரவில்லை.

மாமாவும் நானும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றினோம். உள்ளே ஒரே தூசி! பிரஷ்ஷால் துடைத்தோம். ராம் அட்டையின் தங்க நிற ஓரத்தை என் பென்சில் ரப்பரால் தேய்த்தோம். திரையில் வெளிச்சம் வந்துடுச்சு! தேதி மட்டும் தப்பாகவே காட்டியது. 3 வோல்ட் பட்டன் செல் மாற்றியதும் சரியானது. காசில்லாத லினக்ஸ் போட்டோம். விழுப்புரத்தில் லினக்ஸ் பரப்ப ஒரு குழுவே இருக்கிறது. இப்போது அதில் தமிழ்99 தட்டச்சு பழகுகிறேன்.

புதுசு வேகமாக ஓடும், உண்மைதான். ஆனால் புதுசைக் கழற்ற நம்மை யார் விடுவாங்க? பழசில்தான் கைவைத்துக் கற்க முடியும். உடைத்து எரித்தால் அதிலுள்ள ஈயம் நம் மண்ணில்தான் சேரும்.

நம் பள்ளி மூலை அறையில் 2 பழைய கணினிகள் சாக்கு மூடிக் கிடக்கின்றன. ஏலம் விடும் முன் ஒன்றையாவது எங்களிடம் தாருங்கள், ஐயா! ரப்பர் நாங்களே கொண்டு வருகிறோம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி