ஊசி ஊருக்கு வரும்போது

புதுச்சேரியின் வட எல்லையிலுள்ள கனகசெட்டிக்குளத்தில், கடல் தொழிலை விட்டு ஓய்ந்த பெரியவர் ஒருவர் மருந்துச் சீட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். படர்தாமரை என எண்ணி ஆண்டுக்கணக்கில் களிம்பு பூசிவந்த தடிப்புகள், திசுப் பரிசோதனையில் தோலில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய் எனத் தெரியவந்திருந்தன. சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி என்றிருந்தது. மில்லிகிராம் அளவுக்கு அருகே, வாரம் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கெழுத்து. "இதை தினமும் போட்டுக்கணுமா தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது. இந்நோய்க்கு இம்மருந்து வழக்கமாகக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒருமுறை தரப்படுகிறது. அதே அளவைச் சில நாள்கள் தொடர்ந்து செலுத்தினால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் முதல் எச்சரிக்கைகள். பலர் அவற்றை 'உடம்புச் சூடு' என்று தள்ளிவிடுகிறார்கள்.

நோயின் பெயரே குழப்பம் தருவது. 1806-இல் பாரீஸ் மருத்துவர் அலிபெர் காளான் போன்ற கட்டிகளைக் கண்டு வைத்த பெயரிலிருந்து வந்ததே மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மருந்தோ நமக்கு அந்நியமானதன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பழையது, மலிவானது. அதனாலேயே அச்சமின்றிக் கையாளப்படுகிறது.

2025-26 நிதிநிலை அறிக்கை, மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 அந்த நிதியாண்டிலேயே அமையும் என்றும் அறிவித்தது. ஒவ்வோர் ஊசிக்கும் கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு அலையும் குடும்பங்களின் நிலையறிந்தவன் என்பதால் இதை வரவேற்கிறேன். ஆனால் கட்டடமும் கட்டிலும் மட்டும் மாவட்டத்துக்கு வந்தால் போதாது.

ஊசிக்கு முன் ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் பரிசோதனை முடிவைச் செவிலியர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். குப்பிகள் வெவ்வேறு அடர்த்திகளில் வருவதால் மில்லிகிராமை மில்லிலிட்டராக மாற்றும் கணக்கை இருவர் சரிபார்க்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையும், சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் கோ-டிரைமாக்சசோலும் இம்மருந்தின் நச்சைக் கூட்டும் என்பதை நோயாளியிடம் தமிழில் சொல்ல வேண்டும். அளவு மிஞ்சினால் உடனே தர வேண்டிய லியூகோவோரின் அதே மையத்தில் இருக்க வேண்டும். அது மருந்துக் கிடங்கின் பட்டியலில் மட்டும் இருந்து பயனில்லை.

காலிக் குப்பியும் கவனத்துக்குரியது. 2024 மார்ச்சில் தில்லி காவல்துறை பிடித்த கும்பல், விலையுயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளில் பூஞ்சை எதிர்ப்பு மருந்தை நிரப்பி விற்றது. மஞ்சள் பைக்குள் போய் எரிக்கப்பட வேண்டியவை சந்தைக்குத் திரும்பியிருந்தன.

இவற்றில் செலவே இல்லாதது ஒன்று உண்டு. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல், இம்மருந்தை வாரம் ஒருமுறை எடுப்போருக்கு எந்தக் கிழமை என்பதைத் தெளிவாகக் குறிக்க அறிவுறுத்தியது. புதுச்சேரி சுகாதாரத் துறை அதைத் தமிழில் கட்டாயமாக்க நாளைக்கே ஒரு சுற்றறிக்கை போதும். பெரியவரின் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, சீட்டின் மேல் நான் பெரிதாக எழுதிக் கொடுத்தது ஒரே சொல்: செவ்வாய்.