ஊழியருக்கு டிஜிட்டல் வழிகாட்டல்: எவ்வழி நல்வழி?

கிராமங்களில் பணிபுரியும் நிறுவனங்கள் பலவற்றில் அண்மைக் காலமாக ஒரு காட்சியைக் காண்கிறோம். வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஒரு நாள் தலைமை அலுவலகத்துக்கு அழைக்கப்படுகிறார்கள. ஆளுக்கொரு டெப் கணினி வழங்கப்படுகிறது. வெளியிலிருந்து வந்த வளவாளர் ஒருவர் திரையில் படங்களைக் காட்டி விளக்குகிறார். மதியச் சாப்பாட்டுப் பார்சலுடன் செயலமர்வு நிறைவு பெறுகிறது. "ஏதும் பிரச்சினை என்றால் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள்" என்ற அறிவித்தலுடன் எல்லோரும் பஸ் ஏறுகிறார்கள்.

இரண்டு கிழமை கழித்து அந்த உத்தியோகத்தரின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சேமிப்புக் குழுவின் கணக்கு பழைய கொப்பியிலேயே எழுதப்பட்டிருக்கும். இரவுச் சாப்பாட்டின் பின் மகனோ மகளோ அதை டெப்பில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளையின் பரீட்சைக் காலத்தில் கணக்கு பிந்தும். அலுவலகத்திலிருந்தோ, எல்லாம் டிஜிட்டல் மயமாகிவிட்டதாக அறிக்கை போகும்.

இந்த நிலைக்கு ஊழியரைக் குறை கூறுவது நியாயமன்று. அவருக்குப் பயிற்சி கிடைத்தது, வழிகாட்டல் கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. பயிற்சி பலருக்கு ஒரே நாளில் ஒரே பாடத்தைச் சொல்கிறது. வழிகாட்டல் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில், சில மாதங்களாயினும் தொடர்ந்து, கேட்பவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. எமது ஊழியருக்கு இத்தகைய வழிகாட்டலை எந்த வழியில் கொடுப்பது என்பதே இன்று நிர்வாகங்கள் முன்னுள்ள கேள்வி. நேரில் சந்தித்தா, தொலைபேசியிலா, வட்ஸ்அப்பிலா, சூமிலா, பதிவு செய்த வீடியோவிலா? மலிவானது எது, புதியது எது என்று பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறோம். ஊழியரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

முன்னைய அனுபவங்கள்

இது எமக்கு முற்றிலும் புதிய கேள்வி அல்ல. உலக வங்கியின் ஆதரவுடன் டானியல் பெனோர் வகுத்த 'பயிற்சியும் தரிசிப்பும்' என்ற விவசாய விரிவாக்க முறை 1980களில் எமது நாட்டிலும் நடைமுறையில் இருந்தது. விரிவாக்க உத்தியோகத்தருக்கு ஒழுங்கான இடைவெளியில் பயிற்சி. மற்ற நாட்களில் குறித்த நாளில், குறித்த விவசாயியின் வயலில் சந்திப்பு. இன்ன நாளில் இன்னார் வருவார் என்ற நிச்சயம் அதன் பலம். மேலே தயாரிக்கப்பட்ட செய்தி கீழே இறங்கிய அளவுக்கு, வயலில் எழுந்த கேள்வி மேலே ஏறவில்லை என்பது அதன் மீது எழுந்த விமர்சனம். பலம், பலவீனம் இரண்டும் இன்றைய டிஜிட்டல் வழிகாட்டலுக்கும் பொருந்தும்.

1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலி யுனெஸ்கோவின் உதவியுடன் இன்னொரு முயற்சி செய்தது. இணையம் என்ற சொல்லே கிராமத்தில் பழகாத காலம் அது. நேயர்கள் தமக்குத் தேவையானதைக் கேட்டார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் இணையத்தில் தேடி, கிடைத்ததை மக்களுக்கு விளங்கும் மொழியில் வானொலியில் விளக்கினார்கள். கருவிக்கும் மனிதருக்கும் நடுவே இன்னொரு மனிதர் இருந்தார்.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு அறிமுகமானதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கிராமத்து முச்சக்கர வண்டிச் சாரதியும் மீனவரும் விவசாயியும் மிகக் குறுகிய காலத்தில் அதைப் பழகிக்கொண்டார்கள். செயலமர்வு எதுவும் நடக்கவில்லை. நாளைக்கு எரிபொருள் வேண்டும் என்ற தேவை இருந்தது. பக்கத்து வீட்டிலோ தொடர்பாடல் நிலையத்திலோ சொல்லித்தர ஒருவர் இருந்தார். நல்ல கைத்தொலைபேசி இல்லாதவர்கள் குறியீட்டைக் கடதாசியில் அச்சிட்டுக் கொண்டுபோனார்கள். தேவையும் அருகிலுள்ள ஆளும் சேர்ந்தால் கற்றல் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒவ்வொரு வழியாக

முதலாவது, நேரடிச் சந்திப்பு. இதற்குப் பஸ் செலவும் நேரமும் போகும். ஆயினும் ஆரம்பச் சந்திப்பு நேரில்தான் நடக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவரிடம் "எனக்கு இது விளங்கவில்லை" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அலுவலகத்துக்கு ஊழியரை அழைப்பதிலும், வழிகாட்டி ஊழியரின் களத்துக்குப் போவது நல்லது. வெயிலில் டெப்பின் திரை தெரியாமல் போவதும், கையொப்பமிட வந்த பெண்கள் காத்து நிற்பதும் குளிரூட்டிய மண்டபத்தில் இருப்பவருக்குத் தெரியவராது.

இரண்டாவது, சாதாரண தொலைபேசி அழைப்பு. பழையது என்று பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இணையம் வராத இடத்திலும் அழைப்பு பல வேளைகளில் கிடைக்கும். எழுதத் தயங்குபவரும் பேசுவார். கிழமைக்கு ஒரு நாள், குறித்த நேரத்தில் பதினைந்து நிமிடம் என்று வகுத்துக்கொண்டால் இதைப் போன்ற வழி வேறில்லை. திரையைப் பார்க்க முடியாது என்பதே குறை. அந்த வேளையில் திரையின் படமொன்றை அனுப்பிவிட்டுப் பேசலாம்.

மூன்றாவது, வட்ஸ்அப். குரல் பதிவு எமது ஊழியருக்கு வாய்ப்பானது. தோட்டத்து மேட்டிலோ கடற்கரையிலோ நிற்பவர் தன் பேச்சு வழக்கிலேயே கேள்வியைப் பதிந்து அனுப்பலாம். பதிலை ஓய்வாக இருக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் தனியாளுக்கு அனுப்புவது வேறு, குழுவில் போடுவது வேறு. பணிப்பாளர் தொடக்கம் நேற்றுச் சேர்ந்தவர் வரை இருக்கும் குழுவில், இருபத்தைந்து வருடம் சேவை செய்த ஒருவர் "கடவுச்சொல் மறந்துவிட்டது, என்ன செய்வது?" என்று கேட்பாரா? கேட்கமாட்டார். கேள்வி வராததைக் கண்டு எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது என்று நிர்வாகம் எண்ணிக்கொள்ளும். குழு பொது அறிவித்தலுக்கு உரியது, வழிகாட்டலுக்கு உரியதல்ல.

குழுவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இதில் நாமும் தவறியிருக்கிறோம். படிவம் ஏறவில்லை என்று உதவி கேட்ட ஊழியர் ஒருவர், கடன் பெற்ற பெண்ணின் அடையாள அட்டைப் படத்தையும் நிலுவைத் தொகையையும் குழுவில் போட்டுவிட்டார். உதவி உடனே கிடைத்தது. அந்தப் பெண்ணின் கடன் விபரமோ அவருக்குத் தெரியாமலே பலருடைய கைத்தொலைபேசிகளுக்குப் போய்விட்டது. அழித்தாலும் யாரிடம் எஞ்சியிருக்கிறது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் இல்லாவிட்டாலும், எம்மை நம்பித் தன் கஷ்டத்தைச் சொன்னவரின் மானத்தைக் காப்பது எமது கடமை. உதவி கேட்கும்போது பெயரையும் இலக்கத்தையும் மறைத்துப் படம் அனுப்புவது முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம்.

நான்காவது, சூம் போன்ற வீடியோச் சந்திப்பு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பல நிறுவனங்கள் இதைப் பழகின. திரையைப் பகிர்ந்து காட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் டேட்டா நிறையச் செலவாகும். மலைநாட்டில் ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, மின்சாரத்தையும் இணையத்தையும் மட்டும் நம்பிய ஏற்பாடு எவ்வளவு மெலிந்தது என்று கண்டோம். மாதத்துக்கு ஒருமுறை, நல்ல இணைப்புள்ள நிலையத்தில் நாலைந்து பேர் கூடியிருந்து பார்ப்பதற்கு இது உதவும். அன்றாட வழியாக இதை வைத்தால் இணைப்பு வசதி உள்ளவர்கள் முன்னேற, இல்லாதவர்கள் பின்தங்குவார்கள்.

ஐந்தாவது, பதிவு செய்த வீடியோ. இரண்டு மூன்று நிமிடத்துக்குள், எமது ஊழியர் ஒருவரே, தாம் பாவிக்கும் அதே டெப்பில் செய்துகாட்டித் தமிழில் பேசிய வீடியோ மிகவும் பயன்படும். செயலியின் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் எந்தப் பொத்தானுக்கு என்ன பொருள் என்று தாய்மொழியில் சொல்வது அவசியம். ஆனால் வீடியோ திருப்பிக் கேள்வி கேட்காது. அது துணைப் பாடமே.

ஆகவே நேரில் தொடங்கி, தொலைபேசியில் தொடர்ந்து, தனிப்பட்ட குரல் பதிவால் இடைவெளியை நிரப்பி, வீடியோவைத் துணையாக வைத்துக்கொள்வதே எமது கிராமங்களுக்கு ஏற்ற ஒழுங்கு என்பது எமது முடிவு.

வழிகாட்டி யார்?

வழியைவிட முக்கியமானது இக்கேள்வி. வேலையை மதிப்பிடும் மேற்பார்வையாளரே வழிகாட்டியாகவும் இருக்கக்கூடாது. சம்பள உயர்வுக்குச் சிபாரிசு செய்பவரிடம் தன் அறியாமையை யார் திறந்து சொல்வார்?

1999இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத் தலைவர் ஜக் வெல்ச், இணையத்தைப் பழகுவதற்காகத் தமது உயர் அதிகாரிகள் 500 பேரை இளம் ஊழியரிடம் கற்கச் செய்தார். பெரியவர் சிறியவரிடம் கற்பது அங்கேயே புதுமையாகப் பேசப்பட்டது. எமது சமூகத்தில் வயதுக்குள்ள மரியாதையால் இது இன்னும் கடினம். ஆயினும் முடியாததல்ல, கொடுக்கல் இருபக்கமும் இருந்தால் போதும். எந்த வீட்டில் எந்த நேரத்தில் கடனைப் பற்றிப் பேசலாம், எந்தக் குடும்பம் வாய்திறந்து கேளாமல் பட்டினி கிடக்கும் என்பதெல்லாம் மூத்த உத்தியோகத்தருக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு டெப் தெரியும். இருவரையும் சோடியாக இணைத்தால் "அக்கா, இதை இப்படி அழுத்துங்கோ" என்பதும் "தங்கச்சி, அந்த வீட்டில் முதலில் சுகம் விசாரி" என்பதும் ஒரே உரையாடலில் நடக்கும். யாருக்கும் தலைகுனிவு இல்லை.

பெண் ஊழியர் விடயத்தில் மேலதிகக் கவனம் தேவை. சில வீடுகளில் கைத்தொலைபேசி குடும்பத்துக்கே பொதுவானது. மாலையில் சமையலும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கும். இரவு எட்டு மணிக்கு வரும் அழைப்பு வீண் பேச்சுக்கும் இடமளிக்கலாம். வழிகாட்டி யார், எந்த நேரம் என்பதை அவரே தெரிவு செய்ய விடவேண்டும்.

நிர்வாகத்தின் பங்கு

ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி என்றால் ஆளணிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நாலைந்து பேருக்கு ஒருவர், கிழமைக்கு அரை நாள், ஆறு மாதம் என்று தொடங்கினால் சிறிய நிறுவனத்துக்கும் இயலும். ஆனால் அந்த அரை நாள் கடமை நேரமாகக் கணிக்கப்பட வேண்டும். டேட்டாச் செலவை ஊழியரின் சம்பளப் பையிலிருந்து எடுக்கக்கூடாது. வழிகாட்டிக்கும் ஒரு கொடுப்பனவு வேண்டும். எழுந்த கேள்விகளை, கேட்டவரின் பெயரின்றி, ஒரு கொப்பியில் குறித்துவைத்தால் செயலியில் எதைத் திருத்த வேண்டும் என்பதும் மேலே போய்ச் சேரும். செலவு அதிகம் என்போர், பிழையாக ஏற்றிய கணக்கால் ஓர் ஏழைப் பெண்ணின் சேமிப்புப் புத்தகமும் அலுவலகப் பதிவும் முரண்படும்போது இழக்கும் நம்பிக்கைக்கு என்ன விலை என்று எண்ணிப் பார்க்கட்டும்.

எத்தனை சந்திப்பு நடந்தது, எத்தனை செய்தி பரிமாறப்பட்டது என்று எண்ணுவதால் பயனில்லை. ஆறு மாதத்தின் பின் அந்த உத்தியோகத்தர் குழுவின் நடுவே அமர்ந்து, பெண்கள் பார்த்திருக்கக் கணக்கைத் தாமே ஏற்றி, தொகையை உரக்க வாசித்துக் காட்டுகிறாரா? இரவில் அவருடைய பிள்ளை தன் பாடத்தைப் படிக்கிறதா? இந்த இரண்டு கேள்விக்கும் ஆம் என்ற பதில் வந்தால் தெரிவு செய்த வழி நல்வழி. அடுத்த டெப்பை வாங்க முன் எமது நிறுவனங்கள் இதைச் சிந்திக்குமா?