மழுப்பலும் ஒரு சாட்சியம்

நாடாளுமன்றத்தில் எம்.பி.க்கள் எழுத்தில் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு அமைச்சர்கள் எழுத்தில் தரும் பதில்களும் வெறும் சடங்கு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. விமர்சகர்கள் சொல்கிறார்கள், கட்சித் தொண்டர்கள் சொல்கிறார்கள், ஏன், சில எம்.பி.க்களே சொல்கிறார்கள். யாரோ ஓர் உதவியாளர் எழுதிய கேள்விக்கு யாரோ ஒரு பிரிவு அதிகாரி எழுதிய பதில்; கேட்டவரும் படிப்பதில்லை, கையெழுத்திட்டவரும் படிப்பதில்லை; அமைச்சரை அவையில் எழுந்து நிற்கவைத்து மடக்குவதுதான் உண்மையான மக்களவைப் பணி என்பது இவர்கள் வாதம். இந்த எண்ணம் தவறானது. ஆள்வோருக்கு மிகவும் வசதியானதும்கூட. அரசு எழுதித் தரும் பதிலைப்போல அதன் வாயைக் கட்டிப்போடும் ஆவணம் நம் மக்களாட்சியில் வேறு அதிகம் இல்லை. அந்தப் பதில் உண்மையாக இருந்தால் தகவல் கிடைக்கிறது. அரைகுறையாக இருந்தால் எதை மறைக்கிறார்கள் என்பது தெரிகிறது. பொய்யாக இருந்தாலோ, என்றைக்கும் அழியாத தடயம் கிடைக்கிறது.

முதலில் ஏற்பாட்டைப் பார்ப்போம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளும் குறியிடாத 230 கேள்விகளும் பட்டியலில் வருகின்றன. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரக் குறியிட்டவற்றுக்கு அமைச்சர் நேரில் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாதவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். குறைந்தது 15 நாட்கள் முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கேள்விக்கு முன்னுரிமை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. கேள்வி பட்டியலில் ஏறிவிட்டால் துறையில் அதற்குத் தனி அவசரம் உண்டு. மாதக்கணக்கில் தூங்கிய கோப்பு எழுப்பப்படும். மாநிலங்களுக்கு அவசரக் கடிதம் போகும். உயர் அதிகாரிகளின் ஒப்புதல் பெற்று, அமைச்சரின் பெயரில், குறித்த தேதியில் பதில் மேசையில் வைக்கப்பட்டாக வேண்டும். நேர்ப் பதிலின் பெருமை பேசுவோர் ஒன்றை மறக்கிறார்கள். கேள்வி நேரம் ஒரே ஒரு மணி நேரம். அமளியில்லாத நாளிலும் அந்த 20 கேள்விகளில் நாலைந்துதான் அவையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மற்றவை எழுத்துப் பதில்களாகவே முடிகின்றன. அவை ஒத்திவைக்கப்பட்டால் அந்த நாலைந்தும் போயிற்று. எழுத்துப் பதிலை மட்டும் எந்தக் கூச்சலாலும் ஒத்திவைக்க முடியாது.

பொய்ப் பதிலால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தேர்தல் பத்திரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். தேர்தல் பத்திரத் திட்டம் பற்றித் தேர்தல் ஆணையம் ஏதேனும் கவலை தெரிவித்ததா என்று 2018 குளிர்காலக் கூட்டத்தொடரில் மாநிலங்களவை உறுப்பினர் முகமது நதீமுல் ஹக் எழுத்தில் கேட்டார். அப்படி எந்தக் கவலையும் அரசுக்கு வரவில்லை என்று அன்றைய நிதித்துறை இணையமைச்சர் பொன். ராதாகிருஷ்ணனின் பெயரில் பதில் வந்தது. ஆனால் 2017 மே மாதமே தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதி, கட்சிகள் பத்திரம் வழியே பெறும் நன்கொடை விவரங்களை மறைக்கும் சட்டத் திருத்தத்தைப் பின்னடைவு என்று கண்டித்திருந்தது. பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கோப்புகள் வெளிவந்தபோது, அந்தக் கடிதத்துக்கு முழு எடை கிடைத்ததே அவையில் வைக்கப்பட்ட பதிலோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான். கேள்வியே கேட்கப்படாமல் இருந்திருந்தால், அது அரசு அலுவலகங்களுக்குள் நடந்த பழைய கருத்து வேறுபாடு என்று கடந்து போயிருக்கும். கேள்வி கேட்கப்பட்டதால், அரசு நாடாளுமன்றத்திடம் சொன்னது ஒன்று, கோப்பில் இருந்தது வேறொன்று என்பது நாட்டுக்குத் தெரிந்தது. அந்தத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்புக்கு இந்தப் பதில்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பு வாக்காளரின் அறியும் உரிமையின் மேல் நின்றது. அந்தத் திட்டத்தை அரசு எந்த முகத்தோடு காத்து நின்றது என்பதை மட்டும் அந்த ஒற்றைப் பதில் என்றைக்கும் காட்டிக்கொண்டிருக்கும்.

பதில்கள் பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை, மழுப்பலாகத்தான் இருக்கின்றன, அதனால்தான் வெறுத்துப்போகிறோம் என்பார்கள். மழுப்பல் நிறைய உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழுப்பலையும் படிக்கக் கற்க வேண்டும். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே கைவிடப்பட்டது. எழுத்துக் கேள்விகள் மட்டும் மிஞ்சின. ஊரடங்கின்போது இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம், அப்படிப்பட்ட புள்ளிவிவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று பதில் தந்தது. அதே அமைச்சகத்திடம் ஊர் திரும்பியவர்கள் 1 கோடியே 4 லட்சத்துக்கும் மேல் என்ற கணக்கு மட்டும் இருந்தது. நான்கே நாட்களில் மாநிலங்களவையில் வேறொரு கேள்விக்கு, ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணித்தபோது 97 பேர் இறந்ததாக ரயில்வே அமைச்சர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஓர் அமைச்சகத்துக்குக் கணக்கே இல்லை; இன்னோர் அமைச்சகத்திடம் ஒரு பகுதிக் கணக்காவது இருந்தது. நடந்தே ஊர்போய்ச் சேராமல் வழியில் மாண்டவர்களை இந்த அரசு எண்ணக்கூட முயலவில்லை என்பதற்கு அந்த முதல் பதிலைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேறென்ன வேண்டும்? எதிர்க்கட்சி மேடையில் சொல்லியிருந்தால் அது குற்றச்சாட்டு. அரசே எழுதித் தந்ததால் அது சாட்சியம்.

சாக்கடை மரணங்கள் பற்றிய பதில்கள் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டியவை. 2021 பிப்ரவரியில் மக்களவையில் தந்த பதிலில், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பாதாளச் சாக்கடைகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் இறங்கி இறந்தவர்கள் 340 பேர் என்று அரசு சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளியதால் எந்த மரணமும் பதிவாகவில்லை என்றது. இரண்டும் ஒரே சமூகநீதி அமைச்சகத்தின் பதில்கள். எப்படி முடிந்தது? 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுதலைத் தனியாகவும் சாக்கடை, மலத்தொட்டிகளில் இறங்கும் ஆபத்தான துப்புரவைத் தனியாகவும் வரையறுக்கிறது. கேள்வியில் முதல் தொடர் இருந்தால் பதில் பூஜ்யம். இரண்டாவது தொடர் இருந்தால் பதில் நூற்றுக்கணக்கில். தொட்டிக்குள் மூச்சுத் திணறிச் செத்த மனிதனுக்கு எந்த உட்பிரிவில் செத்தோம் என்ற வேறுபாடு தெரியாது. இந்த மரணங்களில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு என்பதால் நமக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் வீண் என்று எழுந்து போகலாம். அல்லது எந்தச் சொல்லுக்குப் பின்னால் அரசு ஒளிந்துகொள்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அடுத்த கேள்வியை அந்தச் சொல்லைத் தாண்டி அமைக்கலாம். துப்புரவுத் தொழிலாளர் இயக்கங்களுக்கு இந்தக் கணக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. கணக்கில் வராத மரணத்துக்கு இழப்பீடும் வராது.

மழுப்பலைத் துரத்த ஓர் ஏற்பாடும் இருக்கிறது. அது பலருக்கும் தெரிவதில்லை. தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும் என்று அமைச்சர் எழுதிவிட்டால், அது தப்பித்தலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அரசின் உறுதிமொழியாகப் பதிவாகிறது. மூன்று மாதங்களில் அதை நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாத துறையின் அதிகாரிகளை அழைத்துக் கேட்கவென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. உறுதிமொழிகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் நிலுவை என்ற சொல்லே கணக்கு இருப்பதால்தான் வருகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்துவிட்டது, இனி எம்.பி. வழியாகக் கேட்பானேன் என்றும் ஒரு வாதம் உண்டு. அந்தச் சட்டத்தை நானும் உயர்வாக மதிக்கிறேன். மேலே சொன்ன தேர்தல் பத்திரக் கோப்புகளே அதன் வழியாகத்தான் வெளிவந்தன. ஆனால் அந்தச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலைத்தான் தரும். ஏன் செய்யவில்லை, எப்போது செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், அது தகவல் ஆகாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிடலாம். நாடாளுமன்றக் கேள்வி காரணத்தையும் கேட்கும், கொள்கையையும் கேட்கும், இல்லாத கணக்கைத் திரட்டவும் வைக்கும். 2021 ஜூலையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பிட்டு எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்று சுகாதார அமைச்சகம் மாநிலங்களவையில் சொன்னபோது நாடே கொதித்தது. அதன்பிறகுதான் அந்தக் கணக்கைக் கேட்டு மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியது. மேலும் 2005இல் இயற்றியபோது தகவல் உரிமைச் சட்டமே நாடாளுமன்றத்தைத்தான் அளவுகோலாகக் கொண்டது: நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றது. கேள்வி கேட்கும் அவை தளர்ந்தால் அந்த அளவுகோலும் சேர்ந்தே தளரும்.

இத்தனை கேள்வி கேட்டேன் என்று எண்ணிக்கை காட்டுவதற்காகவே சிலர் கேட்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. எம்.பி.க்களைக் கேள்விகளின் எண்ணிக்கையை வைத்துத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் பொருளற்ற கேள்விகளைப் பெருக்கியிருக்கிறது. குறை தரவரிசையில் இருக்கிறது. அதற்காகக் கருவியைப் பழிக்கக் கூடாது. எழுத்துக் கேள்விக்கு மதிப்பே இல்லை என்றால் அதை வாங்க ஏன் பணம் கொடுக்கிறார்கள்? 1951இலேயே, வணிகர் சங்கம் ஒன்றுக்காகப் பணம் பெற்றுக் கேள்வி கேட்டார் என்று எம்.பி. எச்.ஜி. முத்கல் பதவி இழக்க நேர்ந்தது. 2005 டிசம்பரில் கேள்விக்குப் பணம் வாங்கியதாக 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள். வெறும் காகிதத்துக்கு யாரும் லஞ்சம் கொடுப்பதில்லை. இந்தக் கருவியின் கூர்மை தொழிலதிபர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

எழுத்துக் கேள்வியையும் நேர்க் கேள்வியையும் எதிரெதிராக நிறுத்துவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் போட்ட விவகாரம் கேள்வி-பதிலில்தான் தலைகாட்டியது. அந்தப் பதில்கள் திருப்தி தராததால்தான் அவ்வாண்டு டிசம்பரில் எம்.பி. ஃபெரோஸ் காந்தி அவையில் எழுந்து பேசினார். அதன்பின் நீதிபதி சாக்ளாவின் விசாரணை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் ராஜினாமா. சொன்ன பதில் பதிவில் இல்லாவிட்டால், ஃபெரோஸ் காந்தி எதைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருப்பார்?

நம் பக்கத்து எய்ம்ஸ் விவகாரத்திலும் இதே பயனைப் பார்க்கலாம். மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2018 டிசம்பரில் ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 1,264 கோடி ரூபாய். 45 மாதங்களில், அதாவது 2022 செப்டம்பரில் முடியும் என்றார்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு மதிப்பீடு 1,977.8 கோடியானது, காலக்கெடுவும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறை தேதி மாறியபோதும், முந்தைய தேதியை எடுத்துக்காட்ட முடிந்தது அது அரசின் எழுத்தில் இருந்ததால்தான்.

தவறான பதிலுக்குத் தண்டனை இல்லையே என்ற மறுப்பு மட்டும் எஞ்சுகிறது. இதுதான் இருப்பதிலேயே வலுவான மறுப்பு. அதற்கு முழுமையான விடை என்னிடமும் இல்லை. ஆனால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அமைச்சரின் பதிலில் பிழை இருந்தால் அதைச் சபாநாயகருக்கு எழுதிச் சுட்டிக்காட்டி, அமைச்சரிடம் விளக்கம் கேட்க மக்களவையில் சபாநாயகரின் 115ஆம் உத்தரவு இடம் தருகிறது; வேண்டுமென்றே தவறான தகவல் தந்தால் உரிமை மீறல் பிரச்சினையும் எழுப்பலாம். இவை அடிக்கடி பயன்படாததற்குக் காரணம், பதிலைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்பதே. இந்தப் பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வெளியாகின்றன. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கூட்டத்தொடர் நாட்களில் அவை அமளிக்குத் தரும் இடத்தில் பாதியை நம் மீனவர் கைது, நம் ரயில் திட்டம், நம் சாக்கடை மரணம் பற்றிய அன்றைய பதில்களுக்குத் தந்து, முந்தைய ஆண்டின் பதிலோடு சேர்த்துத் தமிழில் அச்சிட்டால், இணையமைச்சரின் கையெழுத்துக்கு முன் அந்தத் தாள் இன்னொரு முறை கவனமாகப் படிக்கப்படும்.